பொந்தியானாக் படங்களில் எது முதல்?

ஒரே பாத்திரத்தைச் சுற்றிப் பல படங்கள் வரிசையாக வெளிவரும்போது, அவற்றுள் எது தலைசிறந்தது, எது அதற்கு அடுத்தது, எது கடைசியில் நிற்க வேண்டியது என்று தரம் பிரித்துப் பார்க்கும் ஆவல் ரசிகர்களுக்கு இயல்பாகவே எழுகிறது. 2008-இல் 'அயர்ன் மேன்' வெளிவந்தது முதல் மார்வெல் நிறுவனத்தின் அதிசூர வீரர்களைப் பற்றி உலகெங்கும் நடந்து வரும் விவாதத்தில் பெரும்பகுதி இந்தத் தரவரிசை விவாதந்தான்; சிங்கப்பூர் இளைஞர்களும் அதில் உற்சாகமாகக் கலந்துகொள்கிறார்கள். இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இராமாயணத்தில் எந்தக் காண்டம் விசேஷம் என்று திண்ணையில் அமர்ந்து மணிக்கணக்காக வாதிட்ட பரம்பரையில் வந்தவர்கள் நாம். சுந்தர காண்டமே சிறந்தது என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று அடுத்தவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான், காவியத்திடம் நாம் எதை வேண்டி நிற்கிறோம் என்பதே நமக்குத் தெளிவாகிறது. தரவரிசை என்பது ரசிகன் தன் அளவுகோலைப் பிறர் அறியச் சபையில் எடுத்து வைக்கும் ஒரு காரியம்.

மார்வெல் படங்களைப் பற்றி எழுதுவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலேயே உருவாகி, தீவின் எல்லா இனத்தாரும் பார்த்து நடுங்கிய, அதீத சக்தி வாய்ந்த ஒரு பெண்ணைப் பற்றிய படவரிசை ஒன்று உண்டு. தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவர் அதை இயக்கினார். அதைப் பற்றித் தமிழில் நாம் பேசியது மிகக் கொஞ்சம். பொந்தியானாக் என்னும் மலாய்ப் பேயைப் பற்றிய படங்களையே குறிப்பிடுகிறேன். கேத்தே-கெரிஸ் நிறுவனத்துக்காக பி. என். ராவ் இயக்கிய 'பொந்தியானாக்' 1957-இலும், 'டெண்டாம் பொந்தியானாக்' அதே ஆண்டிலும், 'சும்பா பொந்தியானாக்' 1958-இலும் வெளிவந்தன. பின்னர் வேறு கைகளால் எடுக்கப்பட்டவை பல உண்டென்றாலும், மூலவரிசை இந்த மூன்றுதான்.

இந்தப் படங்கள் பிறந்த சூழ்நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஐம்பதுகளின் சிங்கப்பூரில் மலாய்ப் படத்தொழில் இரண்டு பெரிய கூடங்களில் நடைபெற்றது. சிராங்கூன் சாலையில் தேக்காவிலிருந்து வடக்கே போய், பாலஸ்டியர் சாலையில் திரும்பினால் வரும் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்ஷன்ஸ் இருந்தது, பி. ராம்லி என்ற மகா கலைஞன் உருவானது அங்கேதான். மற்றொன்று, லோக் வான் தோவும் ஹோ ஆ லோக்கும் கூட்டாக 1953-இல் தொடங்கிய கேத்தே-கெரிஸ். அதன் படப்பிடிப்புக் கூடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்தது. முதலீடு சீனர்களுடையது, நடிகர்கள் மலாய்க்காரர்கள், இயக்குநர்களில் பலர் இந்தியர்கள் என்ற விசித்திரமான சங்கமம் இரண்டு இடங்களிலும் நிகழ்ந்தது. பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எஸ். ராமநாதன், பனி மஜும்தார், கே. எம். பாஸ்கர் என்று அந்தப் பெயர்ப்பட்டியல் நீளும். ராம்லிக்கு முதன்முதலாகக் கதாநாயகன் வேஷம் கொடுத்த 'பக்தி' (1950) என்ற படத்தை இயக்கியவர், சென்னையில் பிறந்து மலாயாவில் வளர்ந்த எல். கிருஷ்ணன். இவர்கள் மலாய்ப் படங்களுக்குக் கொண்டுவந்த கதைப்போக்கும் பாட்டு வைக்கும் முறையும் கண்ணீர்க் காட்சிகளும் நமக்கு அந்நியமானவை அல்ல.

பி. என். ராவ் இவர்களுள் தனித்துச் சொல்லத் தக்கவர். சிங்கப்பூருக்கு வருமுன் அவர் தமிழில் படங்கள் இயக்கியவர், டி. ஆர். மகாலிங்கம் பிரகலாதனாகவும் எம். ஜி. ராமச்சந்திரன் இந்திரனாகவும் நடித்த 'பிரகலாதா' (1939) அவர் இயக்கியதே. அதே ஆண்டில் 'ரம்பையின் காதல்' என்ற படத்தையும் எடுத்தார். தேவர்களும் அசுரர்களும் தோன்றி மறைவதும், வரமும் சாபமும் கதையை நடத்திச் செல்வதும் அவருக்குக் கைவந்த சங்கதிகள். இதை நினைவில் வைத்துக்கொண்டு 'பொந்தியானாக்' படத்தின் கதையைப் பார்க்க வேண்டும்.

கதையை எழுதியவர் அப்துல் ரசாக்; சோமெல் என்ற நாயகியாக நடித்தவர் மரியா மெனாடோ. பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டு, ஒரு கிழவரால் வளர்க்கப்படும் சோமெல் கூனியாகவும் குரூபியாகவும் வளர்கிறாள். ஊராரின் பரிகாசத்துக்கு ஆளாகிறாள். கிழவரின் மரணத்துக்குப் பின், அவர் விட்டுச் சென்றவற்றில் அழகு தரும் மருந்தின் குறிப்பு ஒன்று அவளுக்குக் கிடைக்கிறது. அதன்படி மருந்தைச் செய்து அருந்திப் பேரழகியாகிறாள். ஆனால் அவள் ஒருபோதும் இரத்தத்தைச் சுவைக்கலாகாது என்பது நிபந்தனை. கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தைக்கும் தாயாகிச் சுகமாக வாழ்ந்துவரும் நாளில் கணவனைப் பாம்பு தீண்டிவிடுகிறது. அவன் உயிரைக் காக்க விஷத்தைத் தன் வாயால் உறிஞ்சி எடுக்கிறாள் சோமெல். நாவில் இரத்தம் படுகிறது. அந்தக் கணமே பொந்தியானாக் ஆகிவிடுகிறாள்.

மனிதனாலும் மிருகத்தாலும், பகலிலும் இரவிலும் மரணமில்லை என்று வரம் வாங்கிய இரணியனின் கதையைப் படமாக்கிய அதே கைகளுக்கு, நிபந்தனையோடு கிடைத்த அழகின் கதையும் வந்து சேர்ந்திருப்பது வியக்கத்தக்கது. இரண்டிலும் வரத்துக்குள்ளேயே அழிவின் வாயில் இருக்கிறது. ஆனால் இரணியன் அகங்காரத்தால் அந்த வாயிலுக்குப் போனான். சோமெல் அன்பினால் போனாள். கணவனைக் காப்பாற்றிய காரியமே அவளைப் பிசாசாக்கியது என்ற அந்த ஒரு திருப்பத்தில், பயங்கரப் படம் என்ற எல்லையைத் தாண்டிச் சோக நாடகத்தின் உயரத்துக்குக் கதை போய்விடுகிறது. நாட்டுப்புற நம்பிக்கையில் பொந்தியானாக் என்பவள் பிரசவத்தில் மாண்டவள். பிடரியில் ஆணி அறைந்தால் அழகிய பெண்ணாகி அடங்கியிருப்பாள். ஆணியைப் பிடுங்கினால் மறுபடியும் பழைய உருவம் கொள்வாள். பேய் பிடித்தவளின் கூந்தல் முடியைப் புளியமரத்தில் ஆணியடித்து இறுக்கும் வழக்கத்தைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. அதீத பலம், மறைந்திருக்கும் சொரூபம், அதை அடக்கும் ஒரு பொருள், உருமாற்றத்தால் வரும் துயரம் என்று இன்றைய அதிசூரர் படங்களின் இலட்சணங்கள் அனைத்தும் இவளிடம் உண்டு. கோபத்தால் உருமாறும் ஹல்க் என்ற பாத்திரம் சித்திரக்கதையில் பிறந்ததே 1962-இல்தான்.

முதற்படம் 1957 ஏப்ரல் 27-ஆம் நாள் கேத்தே அரங்கில் திரையிடப்பட்டது. தேக்காவிலிருந்து சிலிகி சாலை வழியாக நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஹேண்டி சாலையில் 1939-இல் திறக்கப்பட்ட அரங்கு அது. குளிர்சாதன வசதி செய்யப்பட்ட, மேனாட்டுப் படங்களுக்குப் பெயர்போன உயர்தர அரங்கு. அங்கே ஒரு மலாய்ப் படம் வாரக்கணக்கில் ஓடியதும், மலாய்க்காரர் மட்டுமல்லாமல் சீனரும் இந்தியரும் கூட்டங்கூட்டமாகச் சென்றதும் அக்காலத்தில் பெரிய செய்தி. படத்தில் சத்தே விற்பவனாக வந்து பாடிச் சிரிக்கவைத்த நடிகருக்கு, அந்தப் பாத்திரத்தின் காரணமாகவே வாஹித் சத்தே என்ற பெயர் வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிட்டது.

எனவே முதலிடம் முதற்படத்துக்கே என்று சொல்லிவிடலாம் போல் தோன்றுகிறது. அங்கேதான் வந்து நிற்கிறது இடையூறு. அந்தப் படத்தை இன்று யாரும் பார்க்க முடியாது. 'பொந்தியானாக்', 'டெண்டாம் பொந்தியானாக்' ஆகிய இரண்டின் பிரதிகளும் மறைந்துவிட்டன. கூட்டாளிகள் பிரிந்தபோது ஹோ ஆ லோக் தம் பங்குக்கு வந்த படச்சுருள்களை நீரில் எறிந்துவிட்டார் என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அது எப்படியாயினும் சுருள்கள் நம்மிடம் இல்லை. நீரில் எறியாமலிருந்தாலும் அவற்றுக்கு ஆபத்துக் குறைவில்லை. அக்காலத்து அசிட்டேட் படச்சுருள், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் மெல்ல மெல்லச் சிதைந்து புளிக்காடியின் நெடியை வெளியிடும். பின்பு சுருங்கி, வளைந்து, பிம்பத்தைத் தாங்கிய மேற்பூச்சு அதனின்று உரிந்து கழன்றுவிடும். ஒரு டப்பாவில் தொடங்கிய அந்த அமில ஆவி பக்கத்து டப்பாக்களையும் பற்றிக்கொள்ளும். ஆண்டு முழுவதும் புழுக்கம் நிறைந்த இத்தீவில், குளிரூட்டாத கிடங்கொன்றில் முப்பது ஆண்டுகள் கிடக்கும் படம் பிழைத்தால் அது அதிருஷ்டமே.

காணாமற்போன படைப்புக்குத் தரவரிசையில் இடம் உண்டா என்ற இந்தக் கேள்வி தமிழருக்குப் புதிதன்று. ஐம்பெருங்காப்பியங்கள் என்று நாம் வாய் நிறையச் சொல்லும் ஐந்தில், வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு முதலிய தொகைநூல்களிலும் உரைகளிலும் ஒதுங்கிப் பிழைத்த சில பாக்களே நம் கைக்கு வந்திருக்கின்றன. ஆயினும் அவற்றைப் பெருங்காப்பிய வரிசையிலிருந்து நாம் நீக்கிவிடவில்லை. அவற்றைப் படித்த முன்னோரின் மதிப்பை நாம் பிரமாணமாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஆனால் சிலப்பதிகாரத்தைவிடக் குண்டலகேசி சிறந்தது என்றோ தாழ்ந்தது என்றோ எந்தப் புலவரும் இன்று துணிந்து எழுதமாட்டார். கௌரவம் ஒன்று, மதிப்பீடு வேறொன்று. முன்னதைக் கேள்வியால் தரலாம், பின்னதற்குக் கண் வேண்டும்.

இந்த நியாயத்தையே பொந்தியானாக் படங்களுக்கும் கையாள விரும்புகிறேன். வசூலை அளவாகக் கொண்டால் முதற்படத்துக்கு மகுடம் சூட்டலாம். வரிசையைத் தொடங்கிவைத்த பெருமையைக் கருதினாலும் அதற்கே சூட்டலாம். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் மரியா மெனாடோவின் கூனல் உருவம் எப்படியிருந்தது, அழகு வந்தபோது அவர் முகத்தில் முதலில் படர்ந்தது மகிழ்ச்சியா அச்சமா, பாம்பு தீண்டிய காட்சியில் காமிரா எங்கே நின்றது என்பவை தெரியாமல் ஒரு படத்தை எடைபோடுவது, சுருக்கத்தைப் படித்துவிட்டுக் காவியத்தை எடைபோடுவதற்கு ஒப்பாகும். புகைப்படங்களும் விளம்பரங்களும் பார்த்தவர்களின் ஞாபகங்களும் எவ்வளவு கிடைத்தாலும் அவை படமாகா.

உருமாற்றக் காட்சிகளின் தொழில்நுட்பத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அக்காலத்தில் கணினி இல்லை. காமிராவை அசையாமல் நிறுத்தி, நடிகையின் தலையை அதே இடத்தில் இருக்கச் செய்து, ஒப்பனையில் ஒரு படி கூட்டுவதும், சில விநாடிகள் படம் எடுப்பதும், மீண்டும் நிறுத்தி இன்னொரு படி கூட்டுவதுமாக மணிக்கணக்கில் உழைத்து, அந்தத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கரையவிட்டு இணைப்பார்கள். திரையில் அரை நிமிஷத்தில் கடந்துபோகும் காட்சிக்கு ஒரு பகல் முழுவதும் செலவாகும். தலை ஓர் அங்குலம் நகர்ந்தாலும் மாயை கலைந்துவிடும். நடிகையின் பொறுமையும் ஒப்பனையாளரின் கைத்திறமும் ஒளிப்பதிவாளரின் கணக்கும் ஒன்றுகூடினால்தான் அந்தப் பேய் பிறக்கும்.

இனி, பிழைத்திருக்கும் மூன்றாம் படமான 'சும்பா பொந்தியானாக்'. கேத்தேஸ்கோப் என்ற பெயரில் அகலத்திரையில் எடுக்கப்பட்ட இந்தப் படத்தில், சோமெல் தன் மகளைத் தேடித் திரும்பி வருகிறாள். மகள் மரியாவாக சல்மா அகமதும், உடன் முஸ்தபா மாரூஃபும் நடித்தனர். வாஹித் சத்தேயும் உண்டு. முந்தைய படங்களில் ஊராரை நடுங்கவைத்த பொந்தியானாக், இதில் காட்டிலிருந்து கிளம்பும் வேறு துர்ப்பூதங்களோடு மோதி, மகளையும் கிராமத்தாரையும் காக்கிறாள். தன்னைப் பழித்துத் துரத்திய ஜனங்களுக்கே காவலாக நிற்கிறாள். படத்தில் குறைகள் பல; பூத வேஷங்களில் சில இன்றைய கண்ணுக்குப் பஞ்சும் சாயமுமாகவே தெரிகின்றன; நகைச்சுவைக் காட்சிகள் நடுவில் புகுந்து கதையின் வேகத்தைக் குலைக்கின்றன. ஆயினும் சோமெல் என்ற பாத்திரம் பூரணமடைவது இங்கேதான் என்பது என் துணிபு.

இதை எதிர்ப்பவர்கள் உண்டு. பயங்கரப் படத்தின் தர்மம் பயமுறுத்துவது. பேயை நல்லவளாக்கினால் பேய்க்கும் மதிப்பில்லை, படத்துக்கும் உயிரில்லை. வெற்றிகண்ட பாத்திரத்தை மூன்றாம் முறையும் காசாக்க எண்ணிய நிறுவனத்தின் உபாயமே இந்த மாற்றம் என்று அவர்கள் வாதிப்பார்கள். வியாபார நோக்கம் இருந்திருக்கக்கூடும். படம் எடுப்பவர்களுக்கு அது குற்றமன்று. ஆனால் அச்சமூட்டும் தாய் காவல் தெய்வமாவது செயற்கையான திருப்பம் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் பெரியாச்சிக்குச் சன்னிதி இருக்கிறது. மடியில் ஒருத்தியைக் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் கோலத்தில், குழந்தையைக் கையில் ஏந்தி அமர்ந்திருக்கும் அந்த உக்கிர மூர்த்தியின் முன்னே, பிரசவத் தீட்டுக் கழிந்ததும் பச்சைக் குழந்தையைக் கொண்டுவந்து கிடத்தி வணங்கும் தாய்மார்களை இன்றும் காணலாம். சூலுற்ற நிலையில் மாண்ட பெண்ணின் நினைவாக ஊர்ப்புறத்தில் சுமைதாங்கிக் கல் நட்டது நம் சமூகம். அநியாயமாக உயிரிழந்த பெண்ணை முதலில் அஞ்சி, பிறகு இசக்கி என்று கோயில் கட்டிக் கும்பிட்டதும் நாமேதான். பிரசவத்தில் எத்தனையோ பெண்கள் மாண்ட காலத்தில், அந்த மரணத்தைப் பற்றிய துக்கமும் குற்றவுணர்வும் மலாய்க் கிராமத்திலும் தமிழ்க் கிராமத்திலும் ஒரே உருவம் எடுத்திருக்கின்றன. அந்த உருவத்தை வெறும் பேயாக விட்டுவிடாமல் தாயாக மீட்டுக்கொண்ட படம் 'சும்பா பொந்தியானாக்'. ஆகவே பார்க்கக் கிடைப்பவற்றில் அதற்கே முதலிடம் தருகிறேன்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஷா நிறுவனத்துக்காக ரமோன் எஸ்தெல்லா என்ற பிலிப்பைன்ஸ் இயக்குநர் 1958-இல் எடுத்த 'அனாக் பொந்தியானாக்', போட்டி நிறுவனத்தின் வெற்றியைப் பார்த்து எழுந்தது. பேய்களின் தொகை கூடியதே தவிர, சோமெலின் துயரத்துக்கு ஈடாக நிற்கும் ஒன்று அதில் இல்லை. எஸ்தெல்லாவே 1963-இல் மரியா மெனாடோவை வைத்து 'பொந்தியானாக் கெம்பாலி' எடுத்தார். மறுவருஷம் ராவ் 'பொந்தியானாக் குவா முசாங்' படத்துக்காக அந்தப் பாத்திரத்திடம் திரும்பி வந்தார். ஆனால் அதில் மரியா மெனாடோ இல்லை. அவர் பாஹாங் சுல்தானை மணந்து திரையை விட்டு விலகிவிட்டார். அவருடைய கண்கள் இல்லாத குறையை எந்த ஒப்பனையாலும் ஈடுசெய்ய முடியவில்லை. இந்த வரிசையைச் சேராதது என்றாலும், ராம்லி 1958-இல் இயக்கி நடித்த 'சும்பா ஓராங் மின்யாக்' படத்தை இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கூனன் ஒருவன் அழகு பெற்று, அதனாலேயே அழியும் அந்தக் கதை, முதற் 'பொந்தியானாக்' படத்துக்கு ஆண்பாலில் பிறந்த உடன்பிறப்பு. கலைநயத்தில் அது, பார்க்கக் கிடைக்கும் இவை எல்லாவற்றையும் விஞ்சி நிற்கிறது என்றே சொல்வேன்.

இந்நூற்றாண்டில் வந்தவற்றில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. மலேசியாவில் ஷுஹாய்மி பாபா என்ற பெண் இயக்குநர் 2004-இல் எடுத்த 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்', கொலையுண்ட நடனப் பெண்ணின் பக்கம் நின்று கதையைச் சொன்னது. சிங்கப்பூரின் கிளென் கோய், கேவின் யாப் என்பாரோடு சேர்ந்து 2019-இல் இயக்கிய படத்துக்கு, மறைந்துபோன இரண்டாம் படத்தின் பெயரையே, 'டெண்டாம் பொந்தியானாக்' என்று சூட்டினார். 1965-ஆம் ஆண்டில் கிராமம் ஒன்றில் நடப்பதாக அமைந்த அதில், வஞ்சிக்கப்பட்ட பெண்ணிடமே பார்ப்பவரின் இரக்கம் செல்கிறது. என் வரிசையில் 'சும்பா பொந்தியானாக்' முதலாவது, 2004-ஆம் ஆண்டுப் படம் இரண்டாவது, 2019-ஆம் ஆண்டுப் படம் மூன்றாவது. எஸ்தெல்லாவின் 'அனாக் பொந்தியானாக்', ராவின் 'குவா முசாங்' இவ்விரண்டும் அவற்றுக்குப் பின்னே. 1957-ஆம் ஆண்டுப் படங்கள் இரண்டுக்கும் எண் தராமல், வளையாபதிக்கும் குண்டலகேசிக்கும் கொடுத்துவரும் மரியாதையைக் கொடுத்து நிறுத்துகிறேன்.

கேத்தே-கெரிஸ் படங்களில் எஞ்சியவை இன்று, 2005-இல் தொடங்கப்பட்ட ஆசியத் திரைப்படக் காப்பகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. அந்தத் தொகுதியின் 91 மலாய்ப் படங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகத்துக்கான ஆசிய-பசிபிக் பதிவேட்டில் இடம் பெற்றன. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட படங்கள் வெளிநாட்டு விநியோகஸ்தரின் கிடங்கிலிருந்தும், பழைய கொட்டகைக்காரரின் வீட்டுப் பரணிலிருந்தும் மீண்டு வந்த வரலாறு உலகில் பல உண்டு. இந்தப் படங்களை எடுத்தவர்களில் பலர் நம்மவர்கள். ஊர் ஊராகத் திரையிட்டவர்களிலும் டப்பாக்களைச் சுமந்தவர்களிலும் நம்மவர் இருந்தார்கள். சிங்கப்பூரிலோ ஜொகூரிலோ பினாங்கிலோ தமிழகத்திலோ, தாத்தா காலத்துப் படச்சுருளோ பாட்டுப்புத்தகமோ விளம்பரத்தாளோ புகைப்படமோ உங்கள் வீட்டில் இருந்தால், துருப்பிடித்த டப்பா என்று தூக்கி எறிந்துவிடாமல், வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைத்து, காப்பகத்துக்குத் தெரிவியுங்கள்.